பிபிசியைத் தட்டிக் கேட்பது யார்? மூன்று ஏற்பாடுகள்

வீட்டுக்கு வீடு வசூலிக்கும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில் நடக்கும் பிபிசி தவறிழைத்தால் அதைத் தட்டிக் கேட்க, பிரிட்டன் இதுவரை மூன்று ஏற்பாடுகளைச் செய்து பார்த்திருக்கிறது. 1927 முதல் 2007 வரை ஆளுநர் குழுவும், அடுத்த பத்தாண்டுகள் பிபிசி டிரஸ்டும் இருந்தன. 2017 ஏப்ரல் முதல் ஒரே நிர்வாக வாரியமும், வெளியிலிருந்து கண்காணிக்கும் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமும் இருக்கின்றன.

ஆளுநர் குழுவின் குறை, நிறுவனத்துக்கு வாதாடுபவர்களே தீர்ப்பும் சொன்னதுதான். இராக்கின் ஆயுதங்கள் பற்றிய அரசு ஆவணம் மிகைப்படுத்தப்பட்டது என்று 2003 மே மாதம் செய்தியாளர் ஆண்ட்ரூ கில்லிகன் பிபிசி வானொலியில் சொன்னதும் பிரதமர் டோனி பிளேரின் அலுவலகம் கொதித்தெழுந்தது. ஜூலையில் அவசரமாகக் கூடிய ஆளுநர்கள், போதிய விசாரணையின்றியே தம் செய்தியாளர் பக்கம் நின்றனர். 2004 ஜனவரியில் இவ்விவகாரத்தை விசாரித்த நீதிபதி ஹட்டனின் அறிக்கை அதைக் குறையாகச் சுட்டியதும், தலைவர் கேவின் டேவிஸும் தலைமை இயக்குநர் கிரெக் டைக்கும் பதவியிழந்தனர். இருவருமே தொழிற்கட்சிக்கு நெருக்கமானவர்களாக அறியப்பட்டவர்கள் என்பதால், ஆளுங்கட்சிக்கு வேண்டியவரை நியமித்தால் அவர் அடங்கியே நடப்பார் என்ற பொதுக் கணிப்பும் இங்கே பொய்த்தது.

வாதாடுபவரையும் நீதிபதியையும் பிரிக்கவே டிரஸ்ட் வந்தது. பிரிவு காகிதத்தில் தெளிவாக இருந்தாலும் நெருக்கடியில் மங்கிவிட்டது. 2012-இல் ஜார்ஜ் என்ட்விசில் 54 நாட்களில் தலைமை இயக்குநர் பதவியை விட்டு விலகியபோது, அவருக்கு 4,50,000 பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டவர் டிரஸ்டின் தலைவர் கிறிஸ் பேட்டன். மற்ற உயரதிகாரிகளுக்குக் கொடுத்த பெருந்தொகைகள் பற்றி மறு ஆண்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, யாருக்கு எது தெரியும் என்பதில் பேட்டனும் முன்னாள் தலைமை இயக்குநர் மார்க் தாம்சனும் ஒருவருக்கொருவர் முரண்பட்டனர். 2016-இல், அரசுக்காக பிபிசி நிர்வாகத்தை ஆய்வு செய்த டேவிட் கிளெமென்டி டிரஸ்டையே கலைக்கச் சொன்னார்.

புகார்களைப் பொறுத்தமட்டில் இன்றைய ஏற்பாடே மூன்றிலும் மேலானது என்பது என் கருத்து. முதலில் பிபிசியிடம் முறையிட்டு, நிறைவில்லையெனில் தனி அமைப்பான ஆஃப்காமிடம் செல்ல முடிகிறது. ஆனால் பணமும் நியமனமும் ஆஃப்காமின் கையில் இல்லை. 2022-இல் உரிமக் கட்டணத்தை இரண்டாண்டுகளுக்கு 159 பவுண்டில் நிறுத்தி வைத்தது அரசுதான். வாரியத்தின் 14 உறுப்பினர்களில் தலைவர் உட்பட ஐவர் அரசின் பரிந்துரையில் வருகிறார்கள். அப்படி 2021-இல் தலைவரான ரிச்சர்ட் ஷார்ப், பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கான 8,00,000 பவுண்டு கடன் உத்தரவாத விவகாரத்தில் தமக்கிருந்த பங்கைத் தெரிவிக்காதது விதிமீறல் என்று விசாரணை கூறியதால், 2023 ஏப்ரலில் விலகினார். ஆஃப்காமின் தலைவரையும் அரசே தேர்ந்தெடுக்கிறது என்பதால் வெளிக் கண்காணிப்பு என்ற சொல்லையும் சற்று நிறுத்தியே படிக்க வேண்டும்; 2022-இல் அப்பதவிக்கு வந்த மைக்கேல் கிரேட், அதற்கு முன் மேலவையில் கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினராகவும், 2004 முதல் 2006 வரை பிபிசி தலைவராகவும் இருந்தவர்.

2025 நவம்பரில், பிபிசி நிகழ்ச்சியொன்று டிரம்பின் உரையை வெட்டி ஒட்டிய விவகாரத்தில் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னஸும் விலகியபோது, அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஆஃப்காமின் தீர்ப்பு அல்ல. பிபிசியின் தரக் குழுவுக்கு முன்பு ஆலோசகராக இருந்த ஒருவர் எழுதி, வெளியே கசிந்த குறிப்பு.

பிபிசி இயங்க அடிப்படையான நடப்பு அரச சாசனம் 2027 இறுதியில் முடிகிறது. அப்போது புகார்களை ஆஃப்காமிடமே விட்டுவிட்டு, நியமனத்துக்கு மட்டும் மற்றொரு பொதுத் தொலைக்காட்சியான சேனல் 4-இன் முறையைக் கொண்டுவரலாம். அங்கே ஆஃப்காம் தேர்ந்தெடுக்கிறது, அமைச்சர் இசைவளிக்கிறார். அதிலும் தலையீடு இல்லாமல் இல்லை. 2016-இல் ஆஃப்காம் பரிந்துரைத்த ஒருவரை அமைச்சர் மறுத்தார். ஆனால் அந்த மறுப்பு ஊரறிய நடந்தது, கண்டனம் எழுந்தது, மறு ஆண்டே அதே நபர் நியமிக்கப்பட்டார்.