பழைய வீடியோ நாடாக்களைப் புதுப்பிக்கும் சுங்கை சிப்புட் கடை

தோட்ட வீடுகளின் ஈரக்காற்றில் பல்லாண்டு கிடந்து பூஞ்சணம் பிடித்த வி.எச்.எஸ். நாடாக்களைக் கையாலேயே துடைத்து, கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும் சிறிய கடையொன்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. என் அண்ணன் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் அமெரிக்கச் சிறுவர் பொம்மை நிகழ்ச்சியின் நாடாக்களை அங்கே கொடுத்தேன். நாடா ஒன்றுக்கு 30 வெள்ளி.

அதில் வரும் எர்னி, பெர்ட் பொம்மைகளை எவரும் மறக்கவில்லை. நான் தேடியது டான் மியூசிக் என்னும் இசையமைப்பாளர் பொம்மையை. பாட்டின் கடைசி அடி வாய்க்காமல் மனம் நொந்து பியானோக் கட்டைகளில் தலையை மோதிக்கொள்ளும் அவருக்குத் தவளை கெர்மிட் சொல் எடுத்துக் கொடுக்க, நாம் நன்கறிந்த குழந்தைப் பாடல் முற்றிலும் வேறொன்றாகி முடியும். ரிச்சர்ட் ஹன்ட் இயக்கிய அந்தப் பொம்மையின் தவிப்பு, பியானோ ஒலி சிதையாமல் திரும்பக் கிடைத்திருப்பது பெரும் பேறு. தொலைபேசியைக் கண்டு மருண்டு, கீழ்த்தாடையை முகத்தின் மேல் இழுத்துக்கொள்ளும் 'யிப் யிப்' செவ்வாய்வாசிகளும் தெளிவாகவே வந்துள்ளனர்.

மலேசியா பின்பற்றிய 'பால்' (PAL) என்னும் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 படச்சட்டங்கள் உண்டு. கடைக்காரர் அந்த வேகத்தை மாற்றாமல் விட்டதால் பொம்மைகளின் அசைவு இயல்பாக இருக்கிறது; இது மிகச் சரியான முடிவு. ஆனால் ஒரு நாடாவில் பாடலின் நடுவே ஒலி தேய்ந்திருந்ததை முன்கூட்டியே தெரிவித்திருக்கலாம். கேட்டுக்கொண்டால் பாடல்வாரியாகப் பிரித்தும் தருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.