ஜிம்னிக்கு எந்த டயர்: 195-ஆ, 215-ஆ, 235-ஆ?

கொல்லிமலையில் எங்களுக்கு ஒரு மிளகுத் தோட்டம் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் தார் ரோடு. சோளக்காடு தாண்டிக் கொஞ்ச தூரம் ஊர் ரோடு. கடைசி மூன்று கிலோமீட்டர்தான் மண் பாதை. ஐப்பசி மழையில் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்து, நடுவில் திட்டு நின்றிருக்கும். அந்த மூன்று கிலோமீட்டருக்காகத்தான் மாருதியின் சின்ன ஃபோர் வீல் ஜீப்பான ஜிம்னியை வாங்கினேன். அதற்காகத்தான் 235 டயரும் போட்டேன். எட்டு மாதம் ஓட்டிவிட்டுக் கழற்றிவிட்டேன். இப்போது 215-இல் ஓடுகிறது, 14 ஆயிரம் கிலோமீட்டர் ஆகிறது. அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அளவு தெரியாதவர்களுக்கு: கம்பெனியிலிருந்து வருவது 195/80 ஆர்15. முதல் எண் டயரின் அகலம் மி.மீ. கணக்கில், அடுத்தது பக்கச் சுவர் (சைடுவால்) அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம் எத்தனை இன்ச் என்பது. டயரின் மொத்த விட்டம் சுமார் 693 மி.மீ. அடுத்தது 215/75 ஆர்15, விட்டம் 703. எல்லோரும் ஆசைப்படும் 235/75 ஆர்15 போட்டால் 733. அதாவது 215-இல் வண்டி அரை சென்டிமீட்டர் உயரும், 235-இல் இரண்டு சென்டிமீட்டர். பார்வைக்கு 235 போட்ட ஜிம்னிதான் ஜிம்னி, அதில் வாதமே இல்லை. கம்பெனி போட்டுக் கொடுக்கும் ஸ்டாக் டயரில் வண்டி அப்பாவின் சட்டையைப் போட்ட பையன் மாதிரி இருக்கும்.

235-க்கு உள்ள நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு. வண்டிக்கு அடியில் தரைக்கு மிக நெருக்கமாகத் தொங்குவது ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் குண்டு; வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி அது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை எத்தனை தூக்கினாலும் பாடிதான் மேலே போகும், குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. எங்கள் பாதையின் நடுத்திட்டில் ஸ்டாக் டயரோடு போனபோது குண்டு மண்ணைச் சீவிக்கொண்டே வந்தது; இறங்கிக் குனிந்து பார்த்தால் திட்டின் மேல் கலப்பை ஓட்டியது போல ஒரு கோடு. 235 போட்டதும் அந்தக் கோடு நின்றுபோனது. இதை மறுக்க முடியாது.

சரி, அப்புறம் ஏன் கழற்றினேன்? தார் ரோட்டுக்காக.

டயர் பெரிதானால் சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது. அதே எஞ்சின், அதே கியர், ஆனால் தரையில் கிடைக்கும் இழுவை குறைகிறது. 235-இல் இந்தக் குறைவு ஐந்தரை சதவீதம் வருகிறது. கேட்க ஒன்றுமில்லாத எண். ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ. ஆளும் சாமானும் ஏறினால் 1,500-ஐத் தொடும். மேட்டில் ஐந்தரை சதவீதம் இழுவை போனால், வண்டியில் எப்போதும் எண்பது கிலோ ஆள் ஒருவர் கூடுதலாக உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அவர் எந்த ஊரிலும் இறங்க மாட்டார், பெட்ரோலுக்குக் காசும் கொடுக்க மாட்டார்.

இதிலும் ஜிம்னிக்கென்று ஒரு தனிச் சிக்கல். முதல் கியர் விகிதம் 4.425, இரண்டாவது 2.304. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. கொண்டை ஊசி வளைவில் முதல் கியர் போட்டால் எஞ்சின் கத்தும், இரண்டாவது போட்டால் முனகும். ஸ்டாக் டயரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் 1,440 சுற்று பக்கம் ஓடும். 235-இல் அதே வேகத்துக்கு 1,360. வெறும் 80 சுற்றுதானே என்றால், இந்த 1.5 லிட்டர் எஞ்சினில் டர்போ கிடையாது. அதன் 134 நியூட்டன் மீட்டர் முறுக்கு முழுதாக வருவது 4,000 சுற்றில். 1,400-க்குக் கீழே அது ஏற்கெனவே நொண்டியடிக்கிற இடம். ஸ்டாக் டயரில் ‘இழுத்துவிடும்’ என்று இருந்த வளைவெல்லாம் 235-இல் ‘இழுக்காது’ பக்கம் சாய்ந்துவிட்டது. எங்கள் மலையில் அது ஒன்றிரண்டு வளைவு இல்லையே.

மஹிந்திராவின் ‘தார்’ ஜீப் வைத்திருப்பவர்கள் இங்கே சிரிப்பார்கள். அவர்கள் பெட்ரோல் வண்டியில் 300 நியூட்டன் மீட்டர் டர்போ இருக்கிறது. ஒரு சைஸ் ஏற்றினால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. அவர்கள் பேச்சைக் கேட்டு ஜிம்னிக்கு டயர் வாங்கக் கூடாது.

ஒரு மழை நாள். அம்மா, சித்தப்பா, பின்னால் இரண்டு மூட்டை மிளகுக் கொடி, உர மூட்டை ஒன்று. நாற்பதைத் தாண்டி ஏதோ ஒரு வளைவின் உள்பக்கம், மேலேயிருந்து நாமக்கல் பஸ். பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், நின்றேன். பஸ் போனதும் கிளட்ச்சை விட்டால், மேட்டில் வண்டியைச் சரியாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் தன் இரண்டு விநாடியை முடித்துக்கொண்டு பின்னால் சரியப் பார்க்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்து, பாதிக் கிளட்ச்சில் பிடித்து, ஒருவழியாக நகர்ந்தது. அம்மா மூக்கைச் சுளித்து, “என்னடா, எங்கயோ ரப்பர் கருகுது?” என்றார். கருகியது கிளட்ச் பிளேட். ஸ்டாக் டயரில் இதே சுமையோடு இதே மலையில் அந்த வாசனை வந்ததில்லை.

“அதான் லோ ரேஞ்ச் இருக்கே, போட்டுக்கோ” என்பார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. லோ ரேஞ்ச் என்பது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர்; ஜிம்னியில் அதைப் போட்டால் ஃபோர் வீலும் சேர்ந்தேதான் வரும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் பூட்டிய மாதிரி ஒரே வேகத்தில் சுற்றும். மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த முரணைத் தீர்த்துக்கொள்ளும். பிடிப்புள்ள தார் ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முறுக்கு போக இடமில்லாமல் வண்டி கட்டிப்போட்டது போல நிற்கும், உள்ளே பாகங்களும் அடிவாங்கும். ஆக, மண் பாதையில் லோ ரேஞ்ச் இழுவையை இரண்டு மடங்காக்கித் தருவதால் 235 தின்ற ஐந்தரை சதவீதம் தெரியவே தெரியாது. தார் ரோட்டில் அந்த உதவி இல்லை. பெரிய டயரின் லாபம் மூன்று கிலோமீட்டரில், நஷ்டம் மீதித் தூரம் முழுக்க.

நாமக்கல்லில் லாரி டயர் பார்க்கும் ஒரு அண்ணனிடம் புலம்பியபோது ஒரே வரியில் முடித்தார்: “தம்பி, லாரிக்காரன் டயர ஏத்துனா கிரவுனையும் மாத்துவான். நீங்க டயர மட்டும் ஏத்தியிருக்கீங்க.” கிரவுன் என்பது டிஃபரென்ஷியல் குண்டுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம். ஜிம்னியின் கிரவுன் விகிதம் 4.09; 235 போட்டால் அது 3.86 ஆனதற்குச் சமம். பழைய இழுவை வேண்டுமென்றால் கிரவுன் பினியனையோ முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கியரையோ மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு நான் தயாராக இல்லை.

இறக்கத்திலும் இதே கணக்கு திரும்பி வரும். எஞ்சின் பிடித்து நிறுத்தும் விசையும் குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். வீட்டுத் தராசில் ஏறி நின்று பார்த்ததில் டயர் மட்டுமே ஒன்றுக்கு நாலைந்து கிலோ கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது கணக்குப்படி 106 வரும். மைலேஜ் 14-லிருந்து 12.5 ஆனது போலத் தெரிந்தது. ஓடோமீட்டர் குறைத்துக் காட்டுவதைச் சேர்த்தால் 13-க்குக் கொஞ்சம் மேல். அதைப் பெரிய குறையாக நான் சொல்ல மாட்டேன்.

ரிம் இன்னொரு தலைவலி. ஸ்டாக் ரிம்மின் அகலம் 5.5 இன்ச், 235-க்கு 6 இன்ச்சாவது வேண்டும். பலர் ஸ்டாக் ரிம்மிலேயே ஏற்றி ஓட்டுகிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. வேறு ரிம் போட்டேன். போட்டதும் டயர் வெளியே தள்ளி நின்று, பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி ஸ்டியரிங் முழுக்க ஒடிக்கும்போது உள் பிளாஸ்டிக்கில் ‘கர்ர்’ என்று உரசியது. கொஞ்சம் வெட்டிவிட்ட பிறகுதான் நின்றது. ஸ்டெப்னியும் அதே சைஸ் வேண்டும். அந்த எடை பின்கதவில்தான் தொங்கும். மேட்டில் நிறுத்திக் கதவைத் திறந்தால் கையில் தெரியும்.

இப்போது 215. விட்டம் ஒன்றரை சதவீதம்தான் கூடுதல், அந்த எண்பது கிலோ ஆள் இருபது கிலோ பையனாகிவிட்டார். ஸ்டாக் ரிம்மிலேயே உட்காருகிறது, எங்கேயும் உரசவில்லை. பொலீரோ சைஸ் என்பதால் சின்ன ஊர் டயர் கடையிலும் கிடைக்கும். மலைமேல் சைடுவால் கிழிந்து நிற்பவனுக்கு இதன் அருமை தெரியும். ஸ்டெப்னிக்கு 215 வாங்கவே இல்லை, பழைய 195-தான். அதை மாட்டினால் ஃபோர் வீல் போடாமல் மெதுவாகக் கீழே இறங்கிவிடலாம்.

குண்டு திட்டில் உரசுவது? உரசுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு சக்கரத்தைத் திட்டின் மேல் ஏற்றிச் சாய்வாக ஓட்டப் பழகிக்கொண்டேன். சேற்றுக்கு அகலமோ உயரமோ செய்ததைவிட ஏடி, அதாவது ‘ஆல் டெரைன்’ டயரின் பட்டன் (மேல்பரப்பின் தடித்த கட்டைகள்) செய்த வேலைதான் அதிகம். காற்றும். மண் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி 18 பவுண்டுக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து, முன்பு சக்கரம் சுழன்று பட்டனில் சேறடைத்த மேட்டில் நடந்து ஏறுவது போல ஏறுகிறது. திரும்பி வரும்போது காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் வேண்டும், பத்து நிமிடம் போகும். 195-ஐயே வைத்துக்கொண்டு தேய்ந்த பிறகு ஏடி பார்க்கலாம் என்பவரையும் நான் தடுக்க மாட்டேன். வருடத்துக்கு நாலு முறை மட்டும் மண்ணில் இறங்குபவருக்கு அதுவே போதும்.

சட்டப்படி 215, 235 இரண்டுமே பிரச்சினைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அதன்மேல் 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்ற பக்கம்தான். ஜிம்னியின் எல்லா வகையிலும் 195/80 ஒன்றே. நான் இதுவரை இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போட்டதில்லை, போட்டால் என்ன சொல்வார்களோ.

நான் ஓட்டியது மேனுவல் மட்டும். நாலு கியர் ஆட்டோமேட்டிக்கில் 235 எப்படி நடந்துகொள்ளும் என்று அதை மலையில் ஓட்டியவர்தான் சொல்ல வேண்டும். மணலிலும் எனக்கு அனுபவம் இல்லை. சமவெளியிலேயே ஓட்டி, வாரக்கடைசியில் பாறை ஏறப் போகிறவருக்கு 235 சரியாகவே இருக்கலாம். என் 235-களை வாங்கிய சேலத்துக்காரர் அப்படிப்பட்டவர், சந்தோஷமாக ஓட்டுகிறார். ஐந்தாவது டயரான ஸ்டெப்னியை அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார், ஏழு மாதமாகிறது. மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. உள்ளே வைக்கோல் போட்டு அம்மா கோழியை அடை வைத்திருக்கிறார்.