எட்டு கோர் இருந்தும் ஒரு கோர் மட்டும் ஓடுவது ஏன்: பாட்டு என்கோடிங்கை வேகப்படுத்திய அனுபவம்

ஒலித்தரம் குறையாமல் சுருக்கிச் சேமிக்கும் ஃப்ளாக் வடிவில் சேர்த்து வைத்திருக்கும் ஆல்பங்களை ஃபோனுக்கும் காருக்கும் எம்பி3யாகவோ ஓபஸாகவோ மாற்றுகிறவர்கள், வேகம் போதவில்லை என்றதும் முதலில் கை வைப்பது என்கோடரின் (ஒலியைச் சுருக்கும் மென்பொருள்) தர அமைப்பில். அங்கே பெரிதாக எதுவும் கிடைக்காது. மாற்றம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு பயன்பாட்டைப் பாருங்கள். எட்டு கோர் கணினியில் 12, 13 சதவீதத்திலேயே நின்றால், ஒரு கோர் மட்டும் மூச்சு வாங்குகிறது, மற்ற ஏழும் சும்மா இருக்கின்றன என்று பொருள்.

2017இல் வந்த லேம் 3.100 என்ற எம்பி3 என்கோடர் ஒரு பாட்டை ஒரே த்ரெட்டில், அதாவது ஒரு கோரில் ஓடும் ஒற்றை வேலையாகத்தான் செய்யும். எம்பி3யின் அமைப்பே அப்படி. 1152 சாம்பிள் கொண்ட ஒவ்வொரு ஃப்ரேமும் (பாட்டின் சிறு துண்டு) முந்தைய ஃப்ரேம்கள் மிச்சம் வைத்த பிட்களைக் கடன் வாங்கிக்கொள்ளும். பாட்டை நடுவில் வெட்டி இரண்டு கோருக்குக் கொடுத்தால் ஒட்டுமிடத்தில் சிக்கல் வரும். ஃப்ரீ:ஏசி மென்பொருளின் சூப்பர்ஃபாஸ்ட் என்கோடர்கள் இதைச் சமாளித்து ஒரே பாட்டைப் பல கோர்களில் ஓட்டுகின்றன. ஆனால் நூறு பாட்டு கையில் இருக்கும்போது அந்த வித்தையே தேவையில்லை. கோருக்கு ஒரு பாட்டு கொடுத்தால் போதும். ஃபூபார்2000 பிளேயர் தானாகவே இப்படிச் செய்கிறது. லினக்ஸில் கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளை கொடுக்கும் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் வேலையை ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளைக்கு அனுப்பி, பெரிய எழுத்து பி விருப்பத்தில் கோர்களின் எண்ணிக்கையைக் கொடுக்கலாம். பாட்டுப் பெயர்களில் இடைவெளி இருக்கும் என்பதால் ஃபைண்டில் ‘பிரின்ட்0’, எக்ஸ்ஆர்க்ஸில் ‘0’ இரண்டையும் சேர்த்தே போட வேண்டும்.

எத்தனை வேலை ஒரே நேரத்தில்? நிஜ கோர் எண்ணிக்கையில் ஆரம்பியுங்கள். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கின் இரட்டை எண்ணிக்கைக்கு ஏற்றினால் கொஞ்சம் லாபம் உண்டு, இரண்டு மடங்கெல்லாம் ஆகாது. அதைவிட உருப்படியான விஷயம் வரிசை. அகர வரிசையில் ஓட்டி, கடைசியில் ஒரு 25 நிமிடக் கச்சேரி உருப்படி மாட்டினால், அது முடியும்வரை மற்ற கோர்கள் கைகட்டி நிற்கும். பட்டியலை அளவு வாரியாக அடுக்கிப் பெரிய கோப்பை முதலில் விடுங்கள். முழு சிடியும் ஒரே ஃப்ளாக், கூடவே எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது எனச் சொல்லும் க்யூ ஷீட் என்று வைத்திருப்பவர்கள் முதலில் தனித்தனிப் பாட்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 70 நிமிடமும் ஒரு கோர் தலையில்தான்.

கோர்கள் எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு அடுத்த முட்டுக்கட்டை டிஸ்க். கணக்கு எளிது. சிடி தர ஒலி நொடிக்கு 1,76,400 பைட். ஒரு கோர் 50 மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 8.8 எம்பி, எட்டு கோருக்கு 70 எம்பி. ஃப்ளாக் அதில் அறுபது சதவீத அளவு என்றால் 40 எம்பிக்கு மேல் படிக்க வேண்டும். யூஎஸ்பி 2 வழியாக மாட்டிய டிஸ்க் நடைமுறையில் 30, 40 எம்பிதான் தரும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னொரு தொல்லை: எட்டுக் கோப்பைப் படித்துக்கொண்டே அதே டிஸ்க்கில் எட்டுக் கோப்பை எழுதச் சொன்னால் அதன் ஹெட் அங்கும் இங்கும் அலைந்தே நேரம் போய்விடும். படிப்பது ஒரு டிஸ்க், எழுதுவது எஸ்எஸ்டி என்று பிரித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பழைய டிஸ்க்கில் எட்டு வேலையைவிட நான்கு வேலை சீக்கிரம் முடிந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஆன்டிவைரஸ் புதிய கோப்பு ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். வெளியீட்டு ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம்.

டேக் (பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரம்) எழுதுவதும் டிஸ்க் வேலைதான், பலர் கணக்கில் எடுப்பதில்லை. எம்பி3யின் ஐடி3வி2 டேக் கோப்பின் தலைப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ளாக்கிலும் டேக் முன்னால்தான், அதற்குப் பின் வழக்கமாக 8 கேபி அளவுக்குக் காலி இடம் விட்டிருக்கும். ஆல்பம் அட்டைப் படம் அதில் அடங்காவிட்டால் முழுக் கோப்பும் திரும்ப எழுதப்படும். அதனால் டேக், படம் எல்லாவற்றையும் மூல ஃப்ளாக்கில் முடித்துவிட்டு என்கோடிங்குக்குப் போவது நல்லது. 3000 பிக்சல் படத்தைப் பன்னிரண்டு பாட்டிலும் திணிப்பது வீண். 600 பிக்சல் ஃபோன் திரைக்குத் தாராளம்.

தவறும் இடங்கள் இரண்டு அடிக்கடி வருபவை. ஃப்ளாக்கை விரித்து பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை நேரே இன்னொன்றுக்கு அனுப்பும் வழி) வழியாக லேமுக்குக் கொடுக்கலாம், ஆனால் லேமின் வெளியீட்டையும் பைப்பில் விடாதீர்கள். விபிஆர் (பிட் அளவு இடத்துக்கு இடம் மாறும்) கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் தகவல் தலைப்பை லேம் கடைசியில் திரும்பி வந்துதான் நிரப்பும், பைப்பில் திரும்பி வர வழியில்லை. விளைவு, நாலு நிமிடப் பாட்டுக்கு பிளேயர் கண்டபடி நீளம் காட்டும், பாட்டுக்குப் பாட்டு இடைவெளியும் விழும். பைப் வழியில் கொடுத்தால் மூல ஃப்ளாக்கின் டேக்கும் தாண்டி வராது. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் நிரல் டேக்கைத் தானே எடுத்துச் செல்லும், ஆனால் ஷெல்லில் (கட்டளை தட்டும் இடம்) கோப்புப் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் ‘வைல் ரீட்’ லூப்புக்குள் ஓட்டினால் அது பட்டியலின் எழுத்துகளையே விழுங்கிவிடும். ‘கோப்பு இல்லை’ என்ற பிழையில் பெயரின் முதல் சில எழுத்துகள் காணாமல் போயிருந்தால் காரணம் இதுதான். ‘நோ-எஸ்டிடி-இன்’ விருப்பம் போட்டால் தீர்ந்தது.

சிடியிலிருந்து ஃப்ளாக் செய்யும்போது சுருக்கத்தின் 8ஆம் நிலை, வழக்கமான 5ஆம் நிலையைவிட மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள். அதற்கு ஆகும் நேரம் அதிகம். 5 போதும். 2025இல் வந்த ஃப்ளாக் 1.5 ஒரே கோப்பைப் பல த்ரெட்டில் என்கோட் செய்யும், சின்ன எழுத்து ஜே விருப்பம். ஆனால் சிடி டிரைவ் படிக்கும் வேகம்தான் அங்கே உண்மையான தடை. கீறல் விழுந்த சிடியை நிதானமாகத் திரும்பத் திரும்பப் படிக்க விடுங்கள், அதில் அவசரப்படுவது அனாவசியம்.

கிராஃபிக்ஸ் கார்டு உதவுமா என்ற கேள்வி எப்போதும் வரும். அதிலுள்ள என்கோடர் வீடியோவுக்கானது, எம்பி3க்குப் பயன்படாது.

லேப்டாப்பில் முதல் சில நிமிடம் வேகமாக ஓடிப் பிறகு தொய்ந்தால் சூடுதான். ஃபேன் வழியைத் தூசி தட்டிவிட்டு, இரண்டு வேலையைக் குறைத்துப் பாருங்கள். இருவகை கோர் உள்ள இன்டெல் சிப்களில், விண்டோஸ் 11இல் விண்டோவை மினிமைஸ் செய்தால் வேலை சிக்கன கோர்களுக்குத் தள்ளப்படுவதும் உண்டு. திறந்தே வைத்திருங்கள், அல்லது பவர் மோடை மாற்றுங்கள்.

மிகப் பெரிய மிச்சம், ஏற்கெனவே மாற்றியதைத் திரும்ப மாற்றாமல் இருப்பது. எம்பி3 இருந்து, அது ஃப்ளாக்கைவிடப் புதியதாகவும் இருந்தால் தாண்டிவிடும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி போதும். அதோடு ஒரு எச்சரிக்கை: நடுவில் நிறுத்தினால் பாதிப் பாட்டு ஒன்று டிஸ்க்கில் கிடக்கும், அடுத்த முறை அதையும் முடிந்த கணக்கில் சேர்த்துத் தாண்டிவிடும். தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றுங்கள். தற்காலிகப் பெயரும் எம்பி3 என்றே முடிய வேண்டும், ஏனென்றால் எஃப்எஃப்எம்பெக் பெயரின் வாலைப் பார்த்துத்தான் ஃபார்மட்டைத் தீர்மானிக்கிறது.