தண்ணீர் பாட்டிலா, தேங்காய் நார்க்கழிவா? மல்லிக் குச்சிக்கு எது சரி

குண்டுமல்லி நாற்றுக்கு ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம் பேர் போனது. அங்கிருந்து வரவழைக்கச் சோம்பல்பட்டு, போன ஆடியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருபது குச்சி கேட்டு வாங்கினேன். வேர்விடட்டும் என்று பத்தைத் தண்ணீர் பாட்டிலில் போட்டேன். பத்தை நார்க்கழிவில் ஊன்றி, ஒவ்வொன்றையும் அடி வெட்டிய இரண்டு லிட்டர் பாட்டிலால் மூடினேன்.

குச்சி தயார் செய்வது இரண்டுக்கும் ஒன்றுதான்: மூன்று கணு, கடைசிக் கணுவுக்குக் கீழே சாய்வெட்டு, அடி இலையையும் மொட்டையும் கிள்ளிவிட வேண்டும்.

தண்ணீரில் செலவே இல்லை. மணி பிளாண்ட், கோலியஸுக்கு அது போதும். மல்லியில் நாலு குச்சி அழுகின, ஆறு வேர்விட்டன. மண்ணுக்கு மாற்றியபோதுதான் வினை வந்தது. தண்ணீரில் விட்ட வேரில் நீரை உறிஞ்சும் மெல்லிய தூவி குறைவு, தொட்டாலே ஒடிகிறது. ஆறில் ஒன்றுதான் தேறியது.

நார்க்கழிவை முதலில் மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், உப்பு போக வேண்டும். கையில் பிழிந்தால் இரண்டு சொட்டு வடியும் ஈரம் போதும். ஐந்தாம் வாரம் குச்சியை லேசாக இழுத்துப் பார்த்தேன். எட்டு குச்சிகள் விடாமல் பிடித்துக்கொண்டன.

வேர் பிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து, இரண்டு குச்சிகளை மூடியிருந்த பாட்டிலைக் காலை பதினோரு மணிக்கு ஒரேயடியாக எடுத்தேன். மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் துளிர் ஈரத்துணி மாதிரித் தொங்கிவிட்டது. இரண்டும் போயின. புழுக்கத்திலேயே விரிந்த இலைக்கு மெழுகுப்பூச்சு மெலிசு, இலைத்துளையும் சட்டென்று மூடாது. உள்ளே இருக்கும் தண்ணீரைக் காற்று உறிஞ்சிவிடும்.

மீதி ஆறுக்கும் மூன்று நாள் பாட்டிலின் திருகுமூடியை மட்டும் கழற்றிவைத்தேன். அப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் திறப்பு, பிறகு ராத்திரி முழுக்க. பத்தாம் நாள் பாட்டிலை எடுத்தாயிற்று. நடுவில் இலை தொங்கினால் கௌரவம் பார்க்காமல் திரும்ப மூட வேண்டும். ஒன்றுக்கு நானும் மூடினேன். இரண்டு வாரம் ஐம்பது சதவீத நிழல்வலை, அதற்குப் பிறகுதான் காலை வெயில். ஆறும் நின்றன.

தண்ணீர்ச் செடிகளையும் மண்ணுக்கு மாற்றியபின் இப்படி மூடிவைத்திருந்தால் இன்னும் இரண்டு பிழைத்திருக்கலாம், அந்தப் பொறுமை அப்போது எனக்கு இல்லை. ரோஜாவில் இதே முறையை இரண்டு குச்சிக்குத்தான் செய்தேன், ஒன்று பிழைத்தது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.