மெத்தை வாங்கும் முன் எடை போடச் சொல்லுங்கள்

மெத்தை வாங்கக் கடைக்குக் கிளம்புகிறவர்கள், முக்கியமாக வீட்டில் பெரியவர்களுக்கு இடுப்பு வலி என்று ‘ஆர்த்தோ’ மெத்தை தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். திருச்சியில் பெரிய ஷோரூம் ஒன்றில் 38,000 ரூபாய் கொடுத்து அப்பாவுக்கு ஒரு மெத்தை வாங்கினோம். பொங்கல் முடிந்து வந்த மெத்தையில் ஆடி பிறப்பதற்குள் நடுவில் குழி விழுந்துவிட்டது. பணம் போனதைவிட அப்பாவின் தூக்கம் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்கள் உஷாராக இருக்கலாம், அதனால் அதை விவரமாகச் சொல்கிறேன்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததில் கீழ் முதுகு போய்விட்டது. கூடவே சர்க்கரையும் உண்டு. வீட்டில் இருந்தது போடியிலிருந்து பஞ்சு வரவழைத்துத் தைத்த பழைய இலவம் பஞ்சு மெத்தை. பஞ்சு கட்டிகட்டியாகிவிட்டதால் பிசியோதெரபிஸ்ட் மாற்றச் சொன்னார்.

கடையில் இடுப்பு வலி என்று வாயெடுத்ததுமே விற்பனையாளர் எங்களை நேராக மாடிக்குக் கூட்டிப்போனார். “ஐயா, டாக்டருங்களே இதைத்தான் வாங்கச் சொல்றாங்க. நூறு சதவீதம் நேச்சுரல் லேடெக்ஸ். ஆர்த்தோ மாடல். பத்து வருஷம் வாரண்டி. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க.” கையில் ஒரு சாம்பிள் துண்டைக் கொடுத்தார். பால் நிறத்தில், ஊசி குத்தியதுபோல வரிசையாகத் துளைகளோடு, அமுக்கினால் உடனே எழும்பியது. அது ரப்பர் மரப் பாலில் செய்யும் அசல் லேடெக்ஸ்தான், அதில் பொய் இல்லை. மேடையில் விரித்திருந்த மெத்தையில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார். “நல்லாத்தாம்மா இருக்கு” என்றார். அதுவும் பொய்யில்லை. நான் கேட்டதும் விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ‘100% நேச்சுரல் லேடெக்ஸ், 78x60x6’ என்று அதில் தெளிவாக இருந்தது. பழைய மெத்தைக்கு எக்ஸ்சேஞ்ச் என்று 3,000 கழித்தார்கள்.

பொய் வீட்டுக்கு வந்த மெத்தைக்குள்தான் இருந்தது. உறை நான்கு பக்கமும் தைத்து மூடியிருந்தது, ஜிப் இல்லை. டெலிவரிக்கு வந்த பையன்கள் அதைக் கட்டிலில் போட்டு, இலவம் பஞ்சு மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பில்லில் ‘ஆர்த்தோ மெத்தை 1’ என்பதைத் தவிர லேடெக்ஸ் என்ற சொல்லே இல்லை.

சித்திரை வெயிலில் அப்பா விடிகாலை மூன்று மணிக்கெல்லாம் எழுந்து திண்ணையில் உட்கார ஆரம்பித்தார். முதலில் புழுக்கம் என்றுதான் நினைத்தோம். பிறகு பார்த்தால், படுக்கும் இடத்தில் இடுப்பு உள்வாங்கி, தோளும் முழங்காலும் மேலே நிற்கின்றன. அந்த நிலையில் முதுகுத் தசைகள் ராத்திரி முழுக்க இறுகியே கிடக்கும். தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் திறன் குறையும், வலி கூடினால் தூக்கம் இன்னும் கெடும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அது குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை ஏறும். அப்பாவின் காலை ரத்தப் பரிசோதனையில் அதுவும் நடந்தது. மருந்தைக் கூட்டலாமா என்று யோசித்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “தூக்கம் எப்படி?” என்பதுதான். மெத்தை என்பது கட்டிலுக்கு வாங்கும் அலங்காரம் இல்லை என்று எனக்கு முழுசாக உறைத்தது அங்கேதான்.

கடைக்குப் புகார் சொன்னதும் ஒருவரை அனுப்பினார்கள். அவர் செய்த வேலையைக் கவனியுங்கள், இது எல்லோருக்கும் நடக்கக்கூடியது. காலி மெத்தையின் குறுக்கே ஒரு அலுமினியச் சட்டத்தை வைத்தார். நடுவில் ஸ்கேலை நிறுத்தி அளந்தார். முக்கால் அங்குலம். “ஒரு அங்குலத்துக்கு மேல இறங்கினாத்தான் மேடம் வாரண்டி.” அப்பா படுத்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்குகிறது, அதை அளக்கச் சொன்னேன். “ஆள் படுத்த அளவை நாங்க எடுத்துக்க மாட்டோம்.” பிறகு உறையில் டீ சிந்திய ஒரு வட்டத்தை போட்டோ எடுத்தார். “கறை இருக்கு. கறை இருந்தா வாரண்டி வராது.” வாரண்டி கார்டில் பொடி எழுத்தில் இதெல்லாம் இருந்தது. கட்டில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தாலும் வாரண்டி செல்லாது, மாற்றிக் கொடுத்தாலும் வருஷத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழிப்பார்கள், வண்டிக் கூலி நம் தலையில். பத்து வருஷம் என்பது பெரிய எழுத்தில், இவை அத்தனையும் பின்பக்கத்தில். அந்த ஆள் எழுந்து போகும்போது, 12,000 சேர்த்துக் கட்டினால் ‘அடுத்த மாடல்’ தருவதாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் இது தரக்கோளாறு இல்லை, வழக்கமாகவே இப்படித்தான் நடத்துகிறார்கள் என்று பட்டது.

மாற்ற முடியாது என்று மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாக வாங்கிய பிறகு, எங்கள் தெருவில் பஞ்சு மெத்தை தைக்கும் பாயைக் கூப்பிட்டோம். அவர் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கியதுமே, “அம்மா, இது லேடெக்ஸ் கனம் இல்லையே” என்றார். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தோம். உறையோடு சேர்த்து 21 கிலோ சொச்சம். பிறகு செல்போனில் வீடியோ ஓட, கால்மாட்டு ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் தையலைப் பிரித்தார். மேலே ஒரு அங்குலம் துளை போட்ட லேடெக்ஸ். அதற்குக் கீழே ஒரு அங்குலம் பச்சை, ரோஸ், சாம்பல் என்று கலர் கலராகத் துண்டுகளை ஒட்டிய ரீபாண்டட் ஃபோம். அதற்கும் கீழே நான்கு அங்குலம் வெள்ளை ஷீட், டிவி பெட்டிக்குள் வருமே, நகத்தால் கீறினால் கிறீச்சென்று சத்தம் போடும் அதே ஈபிஇ ஷீட். அது பேக்கிங்குக்கு உள்ள பொருள். அதன் காற்றறைகள் எடை தாங்கித் தாங்கி உடைந்துவிட்டால் மறுபடி எழும்பாது. அப்பாவின் இடுப்புப் பக்கத்தில் குழி விழுந்தது இப்படித்தான்.

இதைக் கிழிக்காமலே கடையில் கண்டுபிடிக்க முடியும். டென்சிட்டி என்று சொல்கிறார்களே, அது ஒரு கன மீட்டர் பொருள் எத்தனை கிலோ என்ற கணக்குதான். 78x60 அளவில் ஆறு அங்குல மெத்தை கிட்டத்தட்ட 0.46 கன மீட்டர். 32 டென்சிட்டி ஃபோம் என்றால் சுமார் 15 கிலோ வர வேண்டும், 40 என்றால் 18 கிலோ. நேச்சுரல் லேடெக்ஸ் வழக்கமாக 65 முதல் 90 வரை இருக்கும். ஆக முழு லேடெக்ஸ் மெத்தை உறை சேர்க்காமலே சுமார் 30 கிலோவாவது இருக்க வேண்டும். 21 கிலோ மெத்தையை நூறு சதவீத லேடெக்ஸ் என்று யார் சொன்னாலும் அது பொய். டெலிவரி ஆட்கள் கையெழுத்துக் கேட்கும் முன் எடை போட்டுவிடுங்கள். பக்கத்து மளிகைக் கடைத் தராசு போதும். ஆனால் எடை சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. ரீபாண்டட் ஃபோம் லேடெக்ஸுக்கு நிகராகக் கனக்கும், அதைவிட அதிகமாகவும் கனக்கும். அதனால் ஜிப் வைத்த உறைதான் வேண்டும் என்று கேளுங்கள், திறந்து அடி வரைக்கும் பாருங்கள். “ஜிப் திறந்தா வாரண்டி போயிடும்” என்று சொல்லும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

ரீபாண்டட் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. கெட்டியான அடித்தளத்துக்கு அது சரியாகத்தான் இருக்கும். ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தையும் நம் வெயிலுக்கு நல்லது, காற்று போகும், விலையும் குறைவு. மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி நம்மை உள்வாங்கும், ஏசி இல்லாத அறையில் பலருக்குப் புழுங்கும். எதை வாங்கினாலும் அதற்குரிய விலைக்கு, அதன் பெயரைச் சொல்லி விற்க வேண்டும். இவர்கள் பேக்கிங் ஷீட்டை லேடெக்ஸ் விலைக்கு, அதுவும் வலியோடு வந்த ஒரு வயதானவருக்கு விற்றார்கள்.

‘ஆர்த்தோ’ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உறையில் அப்படி அச்சடிக்க எந்த டாக்டரும் சான்று தர வேண்டியதில்லை. இடுப்பு வலிக்குக் கட்டாந்தரை மாதிரி கெட்டியான மெத்தைதான் நல்லது என்ற பழைய நம்பிக்கையை வைத்துத்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. 2003-ல் லான்செட் இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தையும் மறு பாதிக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாள் கழித்து நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. எங்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் அதேதான். ஒருக்களித்துப் படுத்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேர்கோட்டில் இருக்க வேண்டும். மல்லாந்து படுக்கும்போது இடுப்புக்குக் கீழே கை வழுக்கிக்கொண்டு போனால் மெத்தை ரொம்பக் கெட்டி, கையை நுழைக்கவே முடியாவிட்டால் ரொம்ப மெது. கூச்சப்படாமல் கடையிலேயே கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள், யாருக்காக வாங்குகிறோமோ அவரையே கூட்டிப்போங்கள். ஒன்று மட்டும் கவனம்: படுத்துப் பார்த்த மெத்தையும் வீட்டுக்கு வரும் மெத்தையும் ஒன்றா என்று சரிபார்க்காமல் விட்டால் இத்தனையும் வீண்.

பில் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். எந்தப் பொருள், எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று சுவரில் ஒட்டிவைத்திருப்பதைப் பார்த்து யாரும் பயந்து திரும்பிவர வேண்டாம். இணையத்தில் வாங்கியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். கடைக்காரர் அங்கே, ‘வாடிக்கையாளர் மெத்தையைக் கிழித்துவிட்டார்’ என்று பதில் அனுப்பினார். மாற்ற முடியாது என்று கடை முன்பே எழுதிய மின்னஞ்சலின் தேதியும் வீடியோவின் தேதியும் எங்களிடம் இருந்ததால் அது எடுபடவில்லை. ஆனாலும் பணம் வரவில்லை. உதவி எண் சமரசம் பேசிப் பார்க்கும், உத்தரவு போடாது. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, அதனால்தான் பாய் ஒரு சாணுக்கு மேல் பிரிக்கவில்லை. உங்கள் மெத்தையில் சந்தேகம் வந்தால் முழுசாகக் கிழித்துவிடாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

எங்கள் மெத்தை பிளாஸ்டிக் தாளில் சுற்றி மாடியறையில் நிற்கிறது. அப்பாவுக்கு இப்போது தேங்காய் நார் மெத்தையும் மேலே இரண்டு அங்குலம் ஃபோமும் போட்டிருக்கிறோம், எடை போட்டு, திறந்து பார்த்து வாங்கியது. ஐந்து மணி வரை தூங்குகிறார். கடைத்தரப்பு பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டிருக்கிறது. அடுத்த விசாரணை முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்.