கையடக்க டிஜிட்டல் தராசு: வகுப்பறையில் வைத்துப் பழகிய அனுபவம்

பக்கத்து ஒன்றியத்தில் அறிவியல் எடுக்கும் தோழி கேட்டாள், "ஏழாம் வகுப்புக்கு வேதிமாற்றம் நடத்த நீ வச்சிருக்கியே அந்தச் சின்னத் தராசு, நானும் ஒண்ணு வாங்கலாமா?" என்று. போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். உள்ளங்கையில் அடங்கும், 500 கிராம் வரை நிறுக்கும், 0.1 கிராம் வரை காட்டும், எல்லாருக்கும் தெரிந்த அதே தராசுதான்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். எடை மாறாமல் நின்றால் ஒரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று வைத்திருக்கிறார்கள், நகை நிறுப்பவருக்கு அது போதும். நான் நடத்துவது பொருண்மை அழியா விதி, அதாவது வேதிமாற்றத்தில் மொத்த எடை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்பது! கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொஞ்சம் வினிகர், டிஷ்யூ பேப்பரில் மடித்த 2 கிராம் ஆப்ப சோடா, மூடியை இறுக்கி மூடித் தராசில் வைத்தால் உள்ளே நுரை பொங்கும், பாட்டில் கல் மாதிரி இறுகும், எண் மட்டும் அசையாது. அந்த அசையாத எண்ணைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து திரை அணைகிறது. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் "மிஸ், எடை போயிடுச்சு" என்றான். பாட்டில் மேலே இருக்கும்போதே மறுபடி ஆன் செய்தால் பாட்டிலையே பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது, இறக்கி வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். முட்டை ஓட்டை வினிகரில் போட்டு எடை மெதுவாகக் குறைவதைக் காட்டுவதற்கெல்லாம் இது ஆகவே ஆகாது. இப்போது நான் பூஜ்யப் பொத்தானையே தொடுவதில்லை, ஒவ்வொன்றின் எடையையும் தனித்தனியாகக் கரும்பலகையில் எழுதிக் கூட்டிக்கொள்கிறோம். அப்புறம், ஃபேன் ஓடினால் கடைசி இலக்கம் ஆடும், அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு திட்டினாலும் இந்தத் தராசு என் வகுப்பில் செய்ததை எந்தப் படமும் செய்யவில்லை. பாட்டில் மூடியைத் திறந்தால் "புஸ்" என்ற சத்தத்தோடு எடை குறையும். 2 கிராம் சோடாவிலிருந்து வரக்கூடிய கார்பன் டைஆக்சைடே சுமார் 1 கிராம்தான், அதிலும் கொஞ்சம் திரவத்தில் கரைந்து நிற்கும், ஆனால் வாயுவுக்கும் எடை உண்டு என்று ஒத்துக்கொள்ள வைக்க அந்தக் குறைவு போதும். 50 மில்லி தேங்காயெண்ணெய் கனமா, 50 மில்லி தண்ணீர் கனமா என்று கேட்டால் வகுப்பே "எண்ணெய், அதுதான் கெட்டியா இருக்கு" என்று கத்தும். நிறுத்தால் எண்ணெய் 46 கிராம், தண்ணீர் 50. அடர்த்தி என்ற பாடம் அங்கேயே பாதி முடிந்துவிடும். 100 கிராம் தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து 105 வருவதைப் பார்த்த பிள்ளை, உப்பு காணாமல் போச்சு என்று மறுபடி சொல்லாது.

ஆப்ப சோடா சோதனையைப் பாட்டில் வாயில் பலூன் மாட்டிச் செய்யாதீர்கள். அழகாகத்தான் ஊதும், ஆனால் பலூன் ஒரு லிட்டர் அளவுக்கு உப்பினால் அது விலக்கும் காற்றே 1.2 கிராம், காற்றின் மிதப்பு விசையால் தராசு அவ்வளவு குறைத்துக் காட்டும். நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாகத் தராசு சொன்னால் பிள்ளைகள் தராசைத்தான் நம்புவார்கள், நம்பவும் வேண்டும். பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான் சரி. கண்ணாடி வேண்டாம், சோடாவைக் கூட்டவும் வேண்டாம்.

என்னை இன்றைக்கும் குஷிப்படுத்துவது இரும்புக் கம்பளி எரிப்பதுதான். பாத்திரம் தேய்க்கும் பளபள ஸ்க்ரப்பர் சரிவராது, பெயின்ட் கடையில் கிடைக்கும் மெல்லிய ரகம் வேண்டும். தராசின் மேல் கூரை ஓட்டுத் துண்டு, அதன் மேல் உதிர்த்துப் பரப்பிய கம்பளி, ஓரத்தில் தீக்குச்சி. பொறி பூச்சி மாதிரி இழை இழையாக ஊர்ந்து போகும், எடை மெல்ல ஏறும். எரிந்தால் எடை குறையும் என்று பந்தயம் கட்டிய பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள். ஆக்சிஜன் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் மூடிய கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கி நிறுத்த கதையைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

விடுமுறை முடிந்து எடுத்தபோது பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அல்கலைன் பேட்டரியில் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து கார்பனேட் ஆகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தேன், லேசாக நுரைத்து விட்டது. அது எட்டாம் வகுப்புக்கு அமிலம், காரம் பாடமாகவே ஆயிற்று. தராசு திரும்ப ஓடுகிறது.

சரி, வாங்கலாமா? வாங்காதே என்றுதான் சொல்வேன். நேற்றுகூட மூடிய பாட்டில் பாதியில் அணைந்துபோன ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. சமையலறைத் தராசுக்கும் போகாதே, அதில் பெரும்பாலும் 1 கிராம்தான் துல்லியம், நம் சோதனையில் வெளியேறும் வாயுவே அதற்குள்தான். தானாக அணைவதை நிறுத்தி வைக்கும் வசதியுள்ள மாடல்கள் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்கு. கடையிலேயே ஒரு டம்ளரை வைத்து இரண்டு நிமிடம் சும்மா நில், திரை அணைந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடு.