விளாச்சேரி அழகர் செட்: குதிரைக்காகவே வாங்கலாம்

கொலுவில் அழகர் ஆற்றில் இறங்கும் செட் வைக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. போன ஆவணியில் திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரிக்குப் போய், மண் வேலை செய்கிற ஒரு வேளார் வீட்டில் 1,800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். 11 உருப்படி. பெயர்ப் பலகையெல்லாம் கிடையாது. வாசலில் பொம்மை காய்கிற வீடுகளில் அதுவும் ஒன்று.

குதிரையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சென்னையில் என் நாத்தனார் வீட்டுச் செட்டில் இருப்பது பந்தயக் குதிரை மாதிரி ஒல்லியாக, சாதுவாக நிற்கும். இது அப்படியில்லை. விடைத்த மூக்கு, பிதுங்கிய கண், வெளியே தெரிகிற பல்வரிசை. கண்மாய்க் கரை அய்யனாருக்குப் புரவி எடுப்பில் கொண்டுபோய் நிறுத்துகிற மண்குதிரையின் அதே முகம். தங்க வர்ணம் அடித்ததும் அழகர் குதிரையாகிவிட்டது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் விற்ற வீட்டு அக்கா சிரித்துவிட்டார். “எங்க மாமனாரு புரவி செஞ்ச கையிம்மா. குதிரைன்னா அவருக்கு இதுதான் வரும்.”

மண்ணும் கண்மாய் மண்தானாம். நன்றாக வெந்திருக்கிறது, தட்டினால் கணீரென்கிறது. காகிதக்கூழ் செட்டும் வைத்திருக்கிறார்கள். பரணில் ஏற்ற இறக்கச் சிரமப்படுகிறவர்கள் அதை எடுக்கலாம்.

அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர் கையில் ஆட்டுத்தோல் பை, இடுப்பில் சல்லடம் என்கிற அரைக்கால்சட்டை, எல்லாம் சரியாக இருக்கிறது. அழகருக்குப் பச்சைப் பட்டு. மாலைதான் நூல் மாதிரி மெலிசு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் கொடுத்து, தல்லாகுளத்தில் சாத்துகிற மாலை, தோளை மறைக்க வேண்டாமா?

அப்புறம் அந்த ஆறு. பலகை முழுக்கக் கடல் நீலம், அலை வேறு! நான் மதுரையில் வைகைக் கரைச் செல்லூர்க்காரி. சித்திரா பௌர்ணமிக்கு அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கலங்கலாக வந்து சேரும்; சில வருஷம் முழங்கால்கூட நனையாது. மிச்சமெல்லாம் மணலும் புல்லும்தான். கேட்டேன். “மண்ணு கலர் அடிச்சா யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. ஆறுன்னா நீலமாத்தான் கேக்குறாங்க” என்றார். வீட்டுக்கு வந்து முக்கால்வாசிக்கு மணல் நிறம் அடித்துவிட்டேன். பேரனுக்குத் திருப்தியில்லை.

வண்டியூரில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருகிற தேனூர் மண்டபம் செட்டில் வராது. தனியாகச் சொன்னால் செய்து தருவார்களாம். இந்த வருஷம் சொல்லியிருக்கிறேன்.

வைக்கோல் சுற்றித்தான் கட்டிக் கொடுத்தார்கள், இருந்தும் டவுன் பஸ்ஸில் குடைக் காம்பு ஒடிந்துவிட்டது. ஆட்டோ பிடித்திருக்க வேண்டும். பச்சை வர்ணம் ஈரக் கையில் ஒட்டுகிறது, உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். வாங்குவதென்றால் ஆவணிக்குள் போய்விடுங்கள். புரட்டாசி பிறந்தால் வியாபாரிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள், நமக்கு மூக்கு உடைந்ததுதான் மிஞ்சும்.